சூரியன் காட்டப் போன தாய்மாமன்

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஹார்டுவேர்ஸ் கடையில் பில் மட்டும்தான். ஆணி, போல்ட்டு, கீல், கொண்டி என்று கொஞ்சம் வார்த்தைகளே அதில் திரும்பத் திரும்ப வரும். டெல்லிக்குப் போய் வருகிறவர்கள் செங்கோட்டையைப் பற்றி எழுதுவார்கள், தாஜ்மகாலைப் பற்றி எழுதுவார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. ஒரு பூங்காவுக்கு ஒரு காலை நேரம் போய்விட்டு வந்ததுதான் நான் பார்த்த டெல்லி. அதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காதவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கோமதி என்னைவிட ரொம்ப இளையவள். அப்பாவும் அம்மாவும் இல்லாததால் நான்தான் சங்கரன்கோவிலிலிருந்து டெல்லிக்குக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை பெயர் சங்கர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். தமிழ் பேசுவார், படிக்க வராது. பிரசவத்துக்கு ஊருக்கு வர வேண்டிய கோமதிக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. ரயில் ஏறக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அங்கேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி பக்கவாதத்தில் கிடக்கிற அவள் அப்பாவை விட்டு நகர முடியாது. அதனால் குழந்தைக்கு ஒரு மாதம் ஆன பிறகு நான் மட்டும் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையை முதன்முதலாக வாசலுக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்ச் சூரியனைக் காட்டுவது தாய்மாமன் வேலை. கிழக்கே பார்த்து நின்று, முகத்தில் இளவெயில் பட வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளையும் தாயும் கோயில், கடை என்று வெளியே போகலாம். ஊரில் இது ஒரு வேலையே இல்லை. கதவைத் திறந்தால் வெயில். நான் போனது மார்கழி மாதத்து டெல்லிக்கு.

ரயிலில் என் பையில் பால் சுறாக் கருவாடு இருந்தது. பால் ஊறுவதற்கு நல்லது என்று மனைவி ஏழு சுற்றுப் பேப்பரில் கட்டிக் கொடுத்திருந்தாள். நாக்பூர் தாண்டியதும் எதிர் பெர்த் அம்மாள் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுந்து எலி செத்துக் கிடக்கிறதா என்று பெர்த்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் கூடக் குனிந்து தேடினேன். உண்மையைச் சொல்ல இந்தி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

டெல்லியில் இறங்கியபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனால் விடிந்த மாதிரி இல்லை. மாப்பிள்ளை குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வந்திருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். "மச்சான், வாங்க. டிரெயின் ரொம்ப லேட் இல்ல, கம்மி லேட்தான்" என்றார்.

அவர்களுக்கு லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு. கீழ்த்தளம். தெருவில் நாய்கள்கூடச் சாக்குத்துணியில் தைத்த சட்டை போட்டிருந்தன. வீட்டுக்குள் சுவரைத் தொட்டால் கை ஈரமானது. கொடியில் பிள்ளையின் துணிகள் மூன்று நாளாகக் காயாமல் தொங்குவதாகச் சொன்னார்கள். நான் கொண்டுபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்து நின்றது.

கோமதி ரஜாய்க்குள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ரஜாய் என்பது அந்த ஊர்ப் பஞ்சுப் போர்வை, கோணி மூட்டை கனம் இருக்கும். "எப்படிட்டி இருக்க?" என்றேன்.

"இருக்கேன்ணே."

திரும்பவில்லை. சின்ன வயதில் நான் கடையிலிருந்து வருகிற சைக்கிள் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருகிறவள். குழந்தை தொட்டிலில் கிடந்து அழுதது. அவள் எழுந்து பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், திரும்பவும் கிடத்திவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினாள். ஒரு வேலையையும் அவள் விடவில்லை. ஆனால் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. 

மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் ஊர் வழக்கப்படி சாம்பிராணி போட்டேன். அறை மூலையில் காற்றைச் சுத்தம் செய்கிற மிஷின் ஒன்று இருந்தது. சாம்பிராணிப் புகை பட்டதும் அதன் பச்சை விளக்கு சிவப்பாக மாறி, மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. மாப்பிள்ளை சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். "மச்சான், இந்த வீட்ல வெளிய இருக்கிற புகையே போதும்" என்றார். நான் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கோமதி சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்று சூரியன் காட்டப் பார்த்தோம். மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இறங்கி வந்து கையை ஆட்டி ஆட்டி மாப்பிள்ளையைத் திட்டினார். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "பிள்ளை பெற்றவளை ஏன் பாதாள அறையில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், மொட்டை மாடிக்குக் கொண்டு வாருங்கள், வெயில் வந்தால் முதலில் அங்கேதான் வரும் என்கிறார்." நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மாப்பிள்ளை போனில் கோவில்பட்டியில் வாக்கப்பட்டிருக்கிற தன் அக்காவைக் கூப்பிட்டு, முகம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் எல்லாம் அந்த அக்கா சொல்படிதான். கோமதிக்குப் பத்தியம் போனில்தான் நடந்தது. புளிப்பு கூடாது, காய் கூடாது, பூண்டு ரசமும் கருவாடும்தான்.

மாடியில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. எதிர் கட்டடமே தெரியவில்லை. எது கிழக்கு என்று கேட்டேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து ஒரு பக்கம் காட்டினார். நான் அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, சூரியன் எங்க?" என்று போனிலிருந்து அக்கா கேட்டார்.

"அந்தப் பக்கம்தான் இருக்கும்மா."

"இருக்கும்னா?"

"இருக்கணும்."

"நல்லா இருக்கே. பொண்ணு பார்க்கப் போனவன் பொண்ணு உள்ள இருக்கும்னு சொல்லிட்டு வந்த கதையா? இது செல்லாது. வெயில் வரட்டும், அப்புறம் வாசல் தாண்டலாம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் உள்ளயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை "அச்சா அக்கா" என்றார்.  அவ்வளவு குளிரிலும் கண் திறந்து அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கீழே கொண்டுபோனேன். அதற்கு அடுத்த நாளும் வெயில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் துடைத்துப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. நாற்பது வருடம் வெயிலில் அலைந்து, இது எப்போது குறையும் என்று ஏங்கினவன் நான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தையலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் டாக்டரம்மா கோமதியிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பிறகு மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவது கணக்கில் வராது என்று அக்கா அனுமதி கொடுத்திருந்தார். பிரசவமான சில பேருக்கு மனசு இப்படி விழுந்துவிடும், வெளியே கூட்டிப் போங்கள், வெளிச்சத்தில் நடக்கட்டும், சரியாகவில்லை என்றால் அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும், இதற்கு வைத்தியம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாராம். மாப்பிள்ளை இதை எனக்குச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை நான் ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கோமதி அடுப்படிக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"திங்கட்கிழமையா உங்களுக்கு வண்டி?"

"ஆமாட்டி."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க."

"பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு ரெண்டு ராத்திரி ரயில்லயா?"

"புள்ள இங்க இருக்கட்டும்."

நான் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தேன்.  வீட்டில் மாமனார் படுக்கையில். மனைவிக்கு ஒரு நாளில் உட்கார நேரமில்லை. கடையில் முதலாளி, பத்து நாள் என்று சொல்லிப் போகிறவர்கள் பதினோராம் நாள் வந்தால் வேறு ஆள் நிற்பான் என்று சொல்லித்தான் அனுப்பினார். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதையெல்லாம் சொல்லவும் வாய் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை வெளிய போவோம். எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு இருந்த ஒரே நாள். அந்த ஒரு நாளில் அவள் முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டால் நான் நிம்மதியாக வண்டி ஏறிவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து நானும் மாப்பிள்ளையும் திட்டம் போட்டோம். அக்கா போனில் இருந்தார். சூரியன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கிளம்புகிறோம், வெட்டவெளியில் போய் உட்கார்ந்துவிட்டால் எப்படியும் ஒரு நிமிடமாவது தலைகாட்டாமலா போகும் என்று மாப்பிள்ளை அவரிடம் வாதாடி அனுமதி வாங்கினார். இடம் லோதி பூங்கா. பக்கம்தான், பெரிய புல்வெளி, ஞாயிற்றுக்கிழமை டெல்லியே அங்கேதான் வெயில் காயும் என்றார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம் மச்சான்?" என்று மரியாதைக்கு என்னிடம் கேட்டார்.

அங்கேதான் நான் கெடுத்தேன். எங்கள் ஊரில் எங்காவது போவதென்றால் விடிவதற்கு முன்பே சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் வாடிப்போகும். திருச்செந்தூர் போனாலும் அப்படித்தான், குற்றாலம் போனாலும் அப்படித்தான். "வெள்ளனயே கிளம்பிருவோம் மாப்ளே, வெயில் ஏறுறதுக்குள்ள" என்றேன்.

மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். டெல்லியில் பிறந்தவர், அவருக்குத் தெரியாதா? ஆனால் ஊரிலிருந்து வந்த மூத்த மச்சான் சொல்லிவிட்டேன். "அச்சா" என்றார். வெயிலைத் தேடிப் போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னதில் இருந்த பைத்தியக்காரத்தனம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. போனில் இருந்த அக்காவும், "அண்ணாச்சி சொல்றதுதான் சரி" என்றார். அவரும் கோவில்பட்டி வெயிலில் இருப்பவர்.

ஞாயிறு காலை எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கிளறி டப்பாக்களில் அடைத்தேன். கோமதிக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு சாதம். பிள்ளைக்கு மூன்று சட்டை, இரண்டு குல்லா, மேலே ஒரு கம்பளி. மாற்றுத் துணி ஒரு பை, வெந்நீர் ஒரு பிளாஸ்க், விரிக்கப் பாய் ஒன்று. புறப்படும்போது கோமதி கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினாள். நான் வந்த பிறகு அவள் சீப்பை எடுத்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையும் அதைப் பார்த்தார். 

வாடகைக் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரைவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் போதாமல், ஓடுகிற காரின் கதவைத் திறந்து, ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அவர் இந்தியில் முணுமுணுத்ததை மாப்பிள்ளை சொன்னார்: "இந்த நேரத்தில் பால்காரனும் பைத்தியக்காரனும்தான் வெளியே வருவான், நீங்கள் பால்காரர் மாதிரி தெரியவில்லை என்கிறார்." கோமதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

பூங்காவுக்குள் புல்லெல்லாம் பனித்தண்ணீர். நான் பழக்கதோஷத்தில் நல்ல நிழலாக ஒரு பெரிய மரத்தைத் தேடிப் பிடித்து, அதன் அடியில் பாயை விரித்தேன். உட்கார்ந்த பிறகுதான் இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் எல்லார் தலையிலும் விழுவது தெரிந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு வெட்டவெளிக்கு வந்தோம். பாய் நனைந்து, கட்டியிருந்த வேட்டி வழியாகக் குளிர் ஏறியது. தயிர் சாதத்தைத் திறந்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு மச்சான்" என்று பல் கிட்டிக்கொண்டே சொன்னார்.

திடீரென்று பனிக்குள்ளிருந்து இருபது முப்பது பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹோ ஹோ, ஹா ஹா என்று. ஆட்கள் தெரியவில்லை. பிள்ளை தூக்கிவாரிப்போட்டு அழுதது.

"யாருண்ணே சிரிக்காங்க?" என்றாள் கோமதி.

"அது எக்ஸர்சைஸ் கோமதி. தினமும் செய்வாங்க. உடம்புக்கு நல்லது" என்றார் மாப்பிள்ளை.

"சிரிக்கிறதா?"

"ஆமா. மாஸ்டர் சொன்னா சிரிப்பாங்க. ஜோக் ஒண்ணும் கிடையாது."

அவள் அந்தச் சத்தம் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நிறுத்தினார்கள், மறுபடி சிரித்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். நான் தயிர் சாதத்தை மூடி வைத்தேன்.

பனி கொஞ்சம் விலகினதும் எங்களுக்குப் பின்னால் உச்சி உருண்டையாக ஒரு பெரிய கட்டடம் தெரிந்தது. பழைய காலத்து அரண்மனை போலிருக்கிறது, பிள்ளைக்கு நல்ல சகுனம் என்று நினைத்து, அதன் முன்னால் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"ஏலே சங்கரு, பின்னால அது என்னல கட்டடம்?"

மாப்பிள்ளைக்குப் பொய் வராது. "சமாதி அக்கா. பழைய ராஜா ஒருத்தரோடது."

"சமாதியா? பச்சப்புள்ளய மொதமொதல்ல வெளிய தூக்கிட்டுப் போயி சுடுகாட்டயா காமிச்சீக? அங்க வேற எடமே இல்லியா? தாய்மாமன்னு ஒருத்தர் கூட இருந்தாரே, அவருக்குக் கண்ணு எங்க போச்சு?"

மாப்பிள்ளை போனைக் காதோடு வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார். அக்கா, இது டூரிஸ்ட் ப்ளேஸ், எல்லாரும் வருவாங்க, அக்கா ப்ளீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழந்தையோடு அந்தக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. கோமதி எழுந்து, "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்றாள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்கலாம் என்றால் அவர் போனில் இருந்தார். "பாத்துப் போயிட்டு வாட்டி" என்றேன்.

வெகுநேரம் ஆகியும் அவள் வரவில்லை. மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு, "கோமதி எங்க?" என்று கேட்டபோதுதான் நேரம் உறைத்தது. அவளுடைய போன் பிள்ளைத் துணிப் பைக்குள் இருந்தது. மாப்பிள்ளை பாத்ரூம் பக்கம் ஓடினார். அங்கே கூட்டிக்கொண்டிருந்த பெண் யாரும் வரவில்லை என்றாளாம். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "நீங்க அந்தக் கேட் பக்கம் போங்க மச்சான், நான் இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பனிக்குள் ஓடினார்.

நான் பிள்ளையைக் கம்பளியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்தேன். பனி திரும்பவும் இறங்கி, நாலு அடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. அடுப்படியில் அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. புள்ள இங்க இருக்கட்டும். நான் வெளியிடத்தில் சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டவன் இல்லை. கடையில் கூட லோடுமேனைக் கூப்பிடப் பக்கத்தில் போய்த்தான் கூப்பிடுவேன். அன்றைக்கு, "ஏட்டி கோமதி, ஏட்டி கோமதி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "சிஸ்டர், சிஸ்டர்" என்று பனியைக் காட்டினேன். அவர் தன் கூட வந்தவரிடம் சொன்னதன் சாரம் புரிந்தது: பாவம், யாரையோ தொலைத்துவிட்டார். அவரும் என்னோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தார்.

கேட்டுக்கு வெளியே பெரிய ரோடு. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிற மாதிரி வந்து வந்து போயின. நடைபாதை ஓரத்தில் ஒரு கிழவர் தட்டுக்கூடையில் மண்சட்டி வைத்துக் கரி போட்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். அந்த நெருப்புக்குப் பக்கத்தில், நடைபாதைக் கல்லில், கோமதி உட்கார்ந்திருந்தாள். மடியில் இலைத் தொன்னை. கிழங்கை மசித்து, மசாலா தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்திருந்தார். அவள் குச்சியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தாள்.

 பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வழித்துணையாக வந்தவர் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியேட்டி."

"சொன்னா விட மாட்டீக."

"எங்க போகணும்னு வந்த?"

"தெரியலண்ணே." கிழங்கை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "ரோட்ட நோக்கித்தான் வந்தேன். இங்கன வந்து நின்னேன். வண்டி வாறதும் தெரியல, போறதும் தெரியல. ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல. இந்தத் தாத்தா வந்து கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிட்டாரு. என்னமோ திட்டுனாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு பஸ் போயிற்று.   கிழவர் இன்னொரு தொன்னையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 

மாப்பிள்ளை ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, கண்ணாடி முழுக்க ஆவி. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். அவர் கை போனைப் பிடித்திருந்தது. அக்கா திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் அங்கே இருந்த நாட்களில் அவர் அக்காவின் போனை எடுக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"கோமதி" என்றார்.  அவளுக்கு அந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்தார்.

"எலுமிச்சை போட்டிருக்கு. புளிப்பு" என்றாள் கோமதி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"சாப்பிடு."

"அக்கா..."

"சாப்பிடு கோமதி."

அவள் தின்று முடித்தாள். குழந்தை என் நெஞ்சில் தூங்கியது. கோமதி தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நெருப்பில் காட்டிச் சூடாக்கி, கம்பளிக்குள் விட்டுப் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "கால் ஜில்லுன்னு இருக்கு" என்றாள். சாக்ஸ் ஒன்று எங்கேயோ விழுந்திருந்தது. நான் ஓடினபோது விழுந்திருக்கும்.

திரும்பக் கார் எதுவும் கிடைக்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன இரண்டு டிரைவர்கள் போனிலேயே ரத்து செய்துவிட்டார்கள். இருபுறமும் பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்ட ஒரு ஆட்டோவில் நாலு உயிரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பாயும் சாப்பாட்டு டப்பாக்களும் புல்லிலேயே கிடந்தன. யாரும் திரும்பிப் போய் எடுக்கவில்லை. தாள் காற்றில் படபடவென்று அடித்தது. கோமதி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவள் தலை என் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"மாப்ளே," என்றேன், "நான் நாளைக்குப் போகல."

அவர் என் பக்கம் திரும்பினார். "கடை?"

"கடை இருக்கும்."

"வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவா. கேட்டுக்கிடுதேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர் அடுத்த வாரம் வரச் சொன்னாங்க. நாளைக்கே போறேன் மச்சான்" என்றார்.  ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

வீட்டு வாசலில் மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். எங்கள் நனைந்த கோலத்தைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று மேலே போனார். இஞ்சி போட்ட டீ கொடுத்தனுப்பினார். ஒரு வாரத்தில் நான் குடித்த டீக்களில் அது ஒன்றில்தான் நாக்குக்கு ருசி தெரிந்தது என்று சொன்னால் அது பொய். அதிலும் தெரியவில்லை. பிள்ளைக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. கோமதி ரஜாய்க்குள் போய் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுக் கோமதியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை என்னிடம் இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. முதலாளிக்குப் போன் செய்தேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன்.